பிடிக்காமல் ஓடிய 42 கிலோமீட்டர்

நீங்கள் கேட்டிருப்பது இது: "ஓடுவது எனக்குச் சின்ன வயதிலிருந்தே பிடிக்காது. அலுவலகத்தில் நண்பர்கள் சேர்ந்து என் பெயரையும் முழு மராத்தானுக்குக் கொடுத்துவிட்டார்கள். ஐந்து மாதம் இருக்கிறது. அரைமனதோடு ஓடி முடித்தவர்கள் யாராவது இருந்தால், என்ன கற்றுக்கொண்டீர்கள் என்று சொல்லுங்கள். ஓட ஓடப் பிடித்துவிடுமா?"

நான் இருக்கிறேன். முழு மராத்தான் ஒன்று, அரை மராத்தான் மூன்று முடித்திருக்கிறேன். ஓட்டம் இன்னும் பிடிக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இந்த விஷயத்தைப் பற்றிப் பேசுகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் எங்கேயோ ஓர் இடத்தில் ஓட்டத்தின்மேல் பைத்தியமாகிவிட்டவர்கள். "மூணு வாரம் ஓடிப் பாருங்க, அப்புறம் நீங்களே விடமாட்டீங்க" என்பார்கள். எனக்கு மூன்றாவது வாரமும் வந்தது, இருபதாவது வாரமும் வந்தது. அலாரம் அடித்ததும் முதலில் வந்தது எரிச்சல்தான். ஆனால் பந்தயம் முடிந்த பிறகு உட்கார்ந்து யோசித்தால், என்னை முடிக்க வைத்ததில் பாதி அந்த எரிச்சலின் வேலை என்றுதான் தோன்றுகிறது. எப்படி என்று சொல்கிறேன்.

என் மனைவியின் தம்பி ஒரு நாள் ராத்திரி போன் செய்து, "மாமா, உங்க பேரையும் சேர்த்துக் கொடுத்துட்டேன். நீங்க சும்மா வாங்க, போதும்" என்றான். சும்மா வர 42.195 கிலோமீட்டர். அப்போது எனக்கு 41 வயது, 74 கிலோ எடை, இரண்டு மாடி ஏறினால் மூச்சு வாங்கும். அவனுக்கு 29. காலையில் ஓடாவிட்டால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது என்கிற ரகம். அந்தப் பந்தயத்தை நான் 5 மணி 46 நிமிடத்தில் முடித்தேன். அவன் புறப்படும் இடத்துக்கே வரவில்லை. பயிற்சியின் ஏழாவது வாரத்திலேயே முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் மயிரிழை விரிசல் விழுந்து உட்கார்ந்துவிட்டான்.

அவனைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. புதிதாக ஓட ஆரம்பிக்கும்போது உடம்பு ஒரே வேகத்தில் பழகுவதில்லை. இதயமும் நுரையீரலும் சில வாரங்களிலேயே தேறிவிடும். "அட, மூச்சே வாங்கவில்லையே" என்று நமக்கே ஆச்சரியமாக இருக்கும். எலும்பும் தசைநாணும் பழக மாதக்கணக்கில் ஆகும். இந்த இடைவெளியில்தான் ஆர்வக்காரர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். மூச்சு சம்மதம் சொல்கிறது, ஆசையும் சம்மதம் சொல்கிறது, எலும்பை யாரும் கேட்பதில்லை. எனக்கு அந்த ஆபத்தே வரவில்லை. அட்டவணையில் 6 கிலோமீட்டர் என்று இருந்தால் 6.1 கூட ஓடமாட்டேன். ஓய்வு நாள் என்று போட்டிருந்தால் அதைப் பண்டிகை மாதிரி அனுசரிப்பேன். சோம்பேறித்தனம் என்று வீட்டில் சொன்னதைப் பயிற்சிப் புத்தகங்கள் வேறு பெயரில் சிபாரிசு செய்கின்றன என்பது பிற்பாடுதான் தெரிந்தது.

சரி, முதலில் வேகம். ஓடுவது பிடிக்காது என்று சொல்கிறவர்களில் பலருக்கு உண்மையில் பிடிக்காதது வேகமாக ஓடுவது. எனக்கும் அப்படித்தான். பள்ளிக்கூடத்தில் ஓட்டம் என்றால் விசில் ஊதியதும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுவது, கடைசியில் வருவது, வாயில் இரும்புச் சுவையோடு குனிந்து நிற்பது. அந்த நினைப்போடு 41 வயதில் தெருவில் இறங்கினேன். முதல் நாள் 400 மீட்டரில் முடிந்தது.

இரண்டாவது வாரம் தற்செயலாக ஒன்று நடந்தது. ஓடிக்கொண்டிருக்கும்போது அக்கா போன் செய்தாள். எடுத்தேன். "என்னடா இப்படி மூச்சு வாங்குது, ஆஸ்பத்திரியில இருக்கியா?" என்றாள். சிரித்துவிட்டு வேகத்தைக் குறைத்தேன். இன்னும் குறைத்தேன். அவள் கேட்ட கேள்விக்கு முழு வாக்கியமாகப் பதில் சொல்ல வந்தபோது பக்கத்தில் நடந்து போன ஒரு தாத்தா என்னை முந்திவிட்டார். ஆனால் அன்றைக்குப் பேச்சு முடியும்போது 25 நிமிடம் ஓடியிருந்தேன். என் வாழ்க்கையில் அதுவரை அவ்வளவு நேரம் தொடர்ந்து ஓடியதே இல்லை.

இதற்குப் பேச்சுச் சோதனை என்று பெயர். ஓடும்போது முழு வாக்கியம் பேச முடிந்தால் அது உங்களுக்கு ஏற்ற நிதான வேகம். இரண்டு வார்த்தைக்கு ஒரு மூச்சு என்றால் அதிகம். கைக்கடிகாரம், இதயத் துடிப்பை அளக்கும் மார்புப்பட்டை எதுவும் வேண்டாம். பந்தயங்களில் ஜெயிக்கிறவர்களே தங்கள் பயிற்சி நேரத்தில் பெரும்பகுதியை இப்படிப்பட்ட நிதான ஓட்டத்தில்தான் செலவிடுகிறார்கள். அதற்குப் பிறகு வியாழக்கிழமை காலை ஓட்டத்துக்கு அக்காதான் என் வேகமானி. மூச்சு சத்தம் கேட்டால் "மெதுவா போடா" என்பாள், அவ்வளவுதான்.

இதோடு சேர்ந்தது நடை. ஓட்டப் பந்தயத்தில் நடப்பது கேவலம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஜெஃப் கேலவே என்று ஒரு அமெரிக்கர், 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடியவர். அவர்தான் 1970களில் புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது ஓட்டமும் நடையும் மாறி மாறி வைக்கும் முறையைப் பிரபலமாக்கினார். இதில் சூட்சுமம் ஒன்றுதான்: களைத்த பிறகு நடப்பது கிடையாது, களைக்கும் முன்பே, முதல் கிலோமீட்டரிலிருந்தே நடக்க வேண்டும். நான் 4 நிமிடம் ஓட்டம், 1 நிமிடம் நடை என்று வைத்துக்கொண்டேன். அரைமனதுக்காரனுக்கு இது வரப்பிரசாதம். "இன்னும் 28 கிலோமீட்டர்" என்று மனசு அலறும்போது, "இன்னும் இரண்டு நிமிடத்தில் நடை" என்று சமாதானம் சொல்லலாம்.

பயிற்சி அட்டவணையைப் பற்றி நீளமாக எழுதப்போவதில்லை. எங்கும் கிடைக்கும். வாரம் மூன்று நாள். இரண்டு நாள் 30 முதல் 45 நிமிடம், ஒரு நாள் நீண்ட ஓட்டம். நீண்ட ஓட்டம் 6 கிலோமீட்டரில் தொடங்கி மெதுவாக ஏறி, நான்கு வாரத்துக்கு ஒருமுறை இறங்கி, 30 வரை போனது. கடைசி மூன்று வாரம் படிப்படியாகக் குறைப்பு. வாரத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் கூட்டக்கூடாது என்று ஒரு விதியை எல்லோரும் ஓதுவார்கள். நெதர்லாந்தில் 532 புது ஓட்டக்காரர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு மட்டும் அந்த விதிப்படி பயிற்சி கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். 2008-இல் வெளியான அந்த ஆய்வில் இரண்டு குழுவிலும் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குக் காயம், வித்தியாசம் இல்லை. ஆகவே அந்த எண்ணைப் பிடித்துத் தொங்க வேண்டாம். வலிக்கிற இடம் ஓட ஓட அதிகமாகிறதா, குறைகிறதா என்று பாருங்கள். குறைந்தால் பெரும்பாலும் பிடிப்பு. விரல் வைத்துக் காட்டக்கூடிய ஒரே இடத்தில் கூடிக்கொண்டே போனால் அன்றைக்கு வீட்டுக்கு வாருங்கள். என் மைத்துனன் வராமல் போனது அங்கேதான்.

முழங்கால் தேய்ந்துவிடும் என்று உங்களுக்கும் உறவினர்கள் சொல்லியிருப்பார்கள். 2017-இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு கட்டுரையில், இடுப்பு அல்லது முழங்கால் மூட்டுத் தேய்மானம் பொழுதுபோக்காக ஓடுகிறவர்களில் 3.5 சதவீதம், ஓடாமல் உட்கார்ந்திருப்பவர்களில் 10.2 சதவீதம், போட்டிக்காகத் தீவிரமாக ஓடுகிறவர்களில் 13.3 சதவீதம் என்று வந்திருக்கிறது. நல்ல முழங்கால் உள்ளவர்கள்தான் தொடர்ந்து ஓடுவார்கள் என்று ஒரு எதிர்வாதமும் உண்டு, அது நியாயம்தான். எப்படியானாலும் நம் இரண்டு பேருக்கும் மூன்றாவது ரகத்தில் சேரும் ஆபத்து இல்லை.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். ஆர்வம் இல்லாதவனுக்கு உண்மையான போராட்டம் சாலையில் கிடையாது, கட்டிலில்தான். காலை நாலே முக்காலுக்கு நான் ஒரு தேர்ந்த வக்கீல். மழை வரும்போல் இருக்கிறது, நேற்று தூக்கம் சரியில்லை, நாளைக்குச் சேர்த்து ஓடிவிடலாம், உடம்பு சொல்வதைக் கேட்க வேண்டும் என்று அவர்களே சொல்கிறார்களே! அந்த வக்கீலோடு வாதாடி ஒருநாள்கூட ஜெயித்ததில்லை. அதனால் வாதாடுவதையே நிறுத்தினேன். ஓட வேண்டுமா என்ற கேள்வியை முந்தின இரவே முடித்துவிடுவேன். உடை, காலுறை, சாவி எல்லாம் கதவருகே ஒரே நாற்காலியில். காலையில் எனக்கு இருந்த ஒரே வேலை அந்த நாற்காலி வரை போவது.

கூடவே ஒரு சலுகை வைத்துக்கொண்டேன். பத்து நிமிடம் ஓடிய பிறகும் வேண்டாம் என்று தோன்றினால் திரும்பிவிடலாம், குற்ற உணர்ச்சி கிடையாது. ஐந்து மாதத்தில் நான்கு முறை திரும்பினேன். அதில் ஒருமுறை நிஜமாகவே காய்ச்சல். மற்ற நாள்களில் பத்தாவது நிமிடத்தில் உடம்பு சூடாகிவிடும், அப்புறம் திரும்புவதற்கும் சோம்பல். மன உறுதி என்று வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் சொன்னது எல்லாம் இந்த நாற்காலியும் இந்தச் சலுகையும்தான்.

வீட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. நீண்ட ஓட்டம் என்றால் ஞாயிற்றுக்கிழமை காலை போச்சு. திரும்பி வந்த பிறகு மதியம் முழுக்கச் சவம் மாதிரி படுத்திருப்பீர்கள். அந்த நேரத்தை வீட்டில் வேறு யாரோ கொடுக்கிறார்கள். பதினான்காவது வாரம் என் மனைவி சொன்னது: "ஓடறது நீங்க, களைச்சுப் போறது நானு." அந்த வாரத்திலிருந்து ஞாயிறு ஓட்டத்தைச் சனிக்கு மாற்றி, ஞாயிறு காலை வேலைகள் அத்தனையும் என்னுடையது என்று ஆக்கிக்கொண்டேன். இதை முதல் வாரமே பேசியிருக்க வேண்டும்.

பந்தய நாளில் நான் செய்த தவறுகள் மூன்று. மூன்றுமே எனக்கு முன்னால் தெரிந்தவை. அதுதான் வெட்கம்.

முதல் தவறு சட்டை. மார்பில் குத்தும் எண் அட்டையோடு இலவசமாக ஒரு டி-ஷர்ட் கொடுத்தார்கள். பந்தய நாளில் புதிதாக எதையும் போடாதே என்பது இந்த உலகத்தின் பால பாடம். ஆனால் எல்லோரும் அதையே போட்டிருந்தார்கள், பார்க்கவும் நன்றாக இருந்தது, நானும் போட்டுக்கொண்டேன். 15-ஆவது கிலோமீட்டரில் அக்குளில் ஏதோ எறும்பு ஊர்வது போல் இருந்தது. 25-இல் அது நெருப்பு. மடிப்புத் தையல் ஒவ்வொரு கைவீச்சுக்கும் ஒரே இடத்தில் உரசிக்கொண்டிருந்தது. ஐந்து மணி நேரத்தில் எத்தனை கைவீச்சு என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். குளிக்கும்போது தண்ணீர் பட்டதும் நான் போட்ட சத்தத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். அக்குள், உள்தொடை, ஆண்களானால் மார்புக் காம்பு, கால் விரல்களின் இடுக்கு ஆகிய இடங்களில் தாராளமாக வாஸ்லைன் தடவுங்கள். ஷூ வழக்கமான அளவைவிட அரை அளவு பெரிதாக இருக்கட்டும், ஓட ஓடப் பாதம் வீங்கும். நான் ஷூவிலும் கஞ்சத்தனம் பார்த்ததில் இடது பெருவிரல் நகம் கறுத்து, ஒரு மாதம் கழித்து விழுந்தது.

இரண்டாவது, தொடக்க வேகம். கிலோமீட்டருக்கு 8 நிமிடம் என்பது என் திட்டம். அப்படிப் போனால் 5 மணி 37 நிமிடம் ஆகும், கட்-ஆஃப், அதாவது முடிக்கக் கொடுத்த கெடு, 6 மணி நேரம். முதல் 5 கிலோமீட்டரை 7 நிமிடம் 10 விநாடி வேகத்தில் ஓடியிருக்கிறேன். மேளச் சத்தம், கூட்டம், ஓய்வெடுத்த கால்கள். முயற்சியே இல்லாமல் பறக்கிற மாதிரி இருந்தது. நடை நிமிடங்கள் இரண்டை விட்டுவிட்டேன், எல்லோரும் ஓடும்போது நடக்க வெட்கமாக இருந்தது. ஐந்து மாதம் என்னைக் காப்பாற்றிய சோம்பேறித்தனம் அன்றைக்கு ஒருநாள் லீவு போட்டுவிட்டது. முதல் பாதி 2 மணி 41 நிமிடம், இரண்டாம் பாதி 3 மணி 5 நிமிடம். அந்த 24 நிமிட வித்தியாசத்தில் நான் பட்ட பாடு இனிமேல் வருகிறது.

மூன்றாவது தவறு சாப்பாடு. கொஞ்சம் கணக்கு பார்க்கலாம். ஓட்டத்தில் ஒரு கிலோ எடைக்கு ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு கலோரி செலவாகும். 74 கிலோ ஆள் 42 கிலோமீட்டர் ஓடினால் 3,100. நாம் சாப்பிட்ட மாவுச்சத்து கிளைக்கோஜனாகத் தசையிலும் கல்லீரலிலும் இருக்கும், அதில் கிடைப்பது சுமார் 2,000. மீதிக்குக் கொழுப்பு இருக்கிறது, என்னிடம் தாராளமாகவே இருக்கிறது, ஆனால் கொழுப்பு மெதுவாகத்தான் எரியும். மெதுவாக ஓடினால் கொழுப்பின் பங்கு கூடும், கிளைக்கோஜன் அதிக தூரம் வரும். வேகம் கூடினால் கிளைக்கோஜன் சீக்கிரம் காலி. பலருக்கும் 30-க்கும் 35-க்கும் நடுவில் ஒரு சுவர் வந்து மோதுவது இதனால்தான். அதனால் ஓடும்போதே மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். அதற்காகவே ஜெல் என்று, பிழிந்து விழுங்கும் இனிப்புக் கூழ், சின்னப் பொட்டலத்தில் வருகிறது. ஒரு பொட்டலத்தில் பெரும்பாலும் 20 முதல் 25 கிராம் இருக்கும். என் இடுப்புப் பட்டையில் ஐந்து ஜெல் இருந்தன. 18-ஆவது கிலோமீட்டரில் எடுக்க வேண்டியதை, "நல்லாத்தானே இருக்கேன், இந்தக் கண்றாவியை எதுக்கு விழுங்கணும்" என்று விட்டேன். 24-இலும் விட்டேன். பசிக்கும்போது சாப்பிடுவது வீட்டுப் பழக்கம். பந்தயத்தில் பசிக்கும்போது ஏற்கெனவே நேரம் தாண்டியிருக்கும்.

32-ஆவது கிலோமீட்டர்ப் பலகையைப் பார்த்தேன். இன்னும் எவ்வளவு என்று கணக்குப் போட்டேன். 42-இல் 32 போனால் எவ்வளவு? வரவில்லை. கணக்குப் பிள்ளையாகப் பிழைப்பு நடத்துகிறவன் நான். விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன், எட்டா பத்தா என்று குழம்பியது. மூளைக்கும் சர்க்கரைதானே எரிபொருள். கால்கள் வலிக்கவில்லை, அதைவிட மோசம். அவை என்னுடையவை இல்லை என்பது போல் கனத்தன. சாலையோரம் ஒரு திட்டு இருந்தது. உட்காரலாம் என்று போனேன்.

"தம்பி, உக்காராதீங்க. உக்காந்தா எந்திரிக்க முடியாது. நடங்க." அறுபதை நெருங்கிய ஒரு அம்மா. நிற்கவில்லை, நடந்துகொண்டே சொன்னார். "ஜெல் இருக்கா? இருக்குல்ல, பின்ன ஏன் மூட்டை கட்டி வச்சிருக்கீங்க? அதைத் தின்னுட்டு என் முதுகைப் பாத்துட்டே வாங்க."

வேறு எதையும் யோசிக்கும் நிலையில் நான் இல்லாததால் அப்படியே செய்தேன். அவருடைய கருநீலச் சட்டையின் முதுகில் வியர்வை காய்ந்து உப்புக் கோடுகள் படிந்திருந்தன. ஒன்றுக்குள் ஒன்றாக, மரத்தை அறுத்தால் தெரியும் வளையம் மாதிரி. தோள்பட்டைக்குக் கீழே ஒரு கோடு அலையாக வளைந்து உடைந்திருந்தது. அந்த உடைந்த இடத்தைப் பார்த்துக்கொண்டே கிட்டத்தட்ட 5 கிலோமீட்டர் போனேன். அவர் நடந்தால் நடந்தேன், ஓடினால் ஓடினேன். ஜெல் போய்ச் சேர்ந்து கால் மணி நேரத்தில் 42-இல் 34 போனால் எட்டு என்று தெரிந்தது. 37-இல் ஒரு தண்ணீர் மேசையில் நான் நின்றேன், அவர் போய்விட்டார். பெயர்கூடக் கேட்கவில்லை.

விட்டுவிடலாம் என்று நினைத்த அந்தப் பத்து நிமிடத்தில் எனக்கு ஞாபகம் வந்தவர் ஷிசோ கனகுரி. ஜப்பான்காரர், 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக் மராத்தானில் ஓடியவர். கொளுத்தும் வெயில், ஓடியவர்களில் பாதிப் பேர்தான் முடித்தார்கள். கனகுரி நடுவழியில் மயங்கி, ஒரு குடும்பத்தார் கவனித்துக்கொள்ள, அதிகாரிகளிடம் சொல்லாமலே ஊருக்குக் கிளம்பிவிட்டார். ஸ்வீடனில் காணாமல் போனவர் கணக்கில் இருந்தாராம். 1967-இல் அவர்களே அழைத்து, மிச்சத்தை ஓடி முடிக்கச் சொன்னார்கள். 75 வயதில் முடித்தார். அறிவிக்கப்பட்ட நேரம்: 54 ஆண்டு, 8 மாதம், 6 நாள், 5 மணி, 32 நிமிடம், 20.3 விநாடி. என் 5 மணி 46 நிமிடத்தை யாராவது கேலி செய்தால் நான் சொல்லும் முதல் கதை இது. விட்டுவிடுவது ஒன்றும் உலக மகா அவமானம் இல்லை என்பதற்கும் இதே கதையைத்தான் சொல்வேன்.

நம்மைப் போன்ற மெதுவானவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு, இதை யாரும் சரியாகச் சொல்வதில்லை. தண்ணீர் குடிக்காமல் போவதைவிட அதிகமாகக் குடிப்பது நமக்குப் பெரிய ஆபத்தாகலாம். ஐந்தாறு மணி நேரம் சாலையில் இருப்போம், எல்லா மேசையிலும் நின்று நிதானமாகக் குடிக்க நேரம் இருக்கும். வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்தால் இரத்தத்தில் சோடியம் அடர்த்தி குறையும். தலைவலி, வாந்தி, குழப்பம், முற்றினால் வலிப்பு, உயிருக்கே ஆபத்து. 2002 பாஸ்டன் மராத்தானில் 488 பேரின் இரத்தத்தைச் சோதித்ததில் 13 சதவீதம் பேருக்குச் சோடியம் குறைந்திருந்தது. ஓட்டத்தின்போது எடை கூடியவர்களும், 4 மணி நேரத்துக்கு மேல் எடுத்தவர்களும் அதில் அதிகம். தாகம் எடுத்தால் குடியுங்கள், மேசை வந்ததே என்று குடிக்காதீர்கள். அதேபோல் ஓடும்போது வலி மாத்திரை வேண்டாம். ஐபுப்ரோஃபென் வகை மாத்திரைகள், உடம்பு வறண்டிருக்கும் நேரத்தில் சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும்.

41-ஆவது கிலோமீட்டர் தாண்டி ஒரு திருப்பம். எல்லைக்கோட்டின் வளைவு தெரிந்தது. இங்கே நடந்ததுதான் எனக்கு இன்றைக்கும் புரியாத புதிர். அரைமணி நேரமாகக் காலைத் தரையிலிருந்து தூக்க முடியாதவன் ஓட ஆரம்பித்தேன். நன்றாகவே ஓடினேன். அப்படியானால் 32-இல் உடம்பு சொன்னது பொய்யா? டிம் நோக்ஸ் என்ற தென்னாப்பிரிக்க விஞ்ஞானி, களைப்பு என்பது தசை காலியாகிவிட்ட செய்தி மட்டும் இல்லை, ஆபத்து வருமுன் நம்மை அடக்கி வைக்க மூளை போடும் கடிவாளம் என்கிறார். கடைசியில் எல்லோருக்கும் வேகம் பிறப்பதை அதற்கு ஒரு சான்றாகக் காட்டுகிறார். மற்ற விஞ்ஞானிகள் எல்லோரும் இதை ஒத்துக்கொள்ளவில்லை. என் அனுபவத்தில் பாதி உண்மை. ஜெல் இறங்கியதும் கணக்கு திரும்பி வந்ததே, அது வெறும் கடிவாளம் இல்லை.

அந்தக் கடைசி 195 மீட்டருக்கு யார் காரணம் தெரியுமா? 1896-இல் ஏதென்ஸில் ஓடியது சுமார் 40 கிலோமீட்டர். 1908 லண்டன் ஒலிம்பிக்கில் விண்ட்சர் அரண்மனையில் தொடங்கி, அரங்கத்தில் அரச குடும்பம் உட்காரும் இடத்துக்கு முன்னால் முடிக்க வேண்டும் என்று பாதை போட்டதில் வந்த நீளம் 42.195. 1921-இல் அதையே நிரந்தரமாக்கிவிட்டார்கள். 41-ஆவது கிலோமீட்டரில் எனக்கு முடியாட்சியின்மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை.

முடித்ததும் உடனே நிற்காதீர்கள், பத்து நிமிடமாவது நடங்கள். ஓடும்போது கெண்டைக்கால் தசைதான் இரத்தத்தை மேலே தள்ளிக்கொண்டிருக்கும். சட்டென்று நின்றால் இரத்தம் காலில் தங்கி, அழுத்தம் இறங்கி, தலை சுற்றும். எனக்கு முன்னால் முடித்த ஒருவர் பதக்கத்தோடு படம் எடுக்க நின்று, அப்படியே சாய்ந்தார். பிடித்துக்கொண்டார்கள். வலி அன்றைக்குத் தெரியாது. அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் உச்சம். படி ஏறுவது சமாளிக்கலாம். இறங்கும்போது பின்பக்கமாகத் திரும்பி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, குழந்தை மாதிரி இறங்குங்கள். அலுவலகத்தில் அப்படித்தான் இறங்கினேன்.

இனி உங்கள் விஷயம். இதுவரை ஓடியதே இல்லை என்றால் ஐந்து மாதத்தில் முழு மராத்தான் முடியாதது இல்லை, ஆனால் நெருக்கடி. பதிவு செய்த இடத்தில் கேட்டு அரை மராத்தானுக்கு மாற்ற முடியுமானால் மாற்றிவிடுங்கள். அதுவும் 21.1 கிலோமீட்டர், அதற்கும் அலாரம் வைக்க வேண்டும், அதற்கும் நாற்காலி வேண்டும். சர்க்கரை, இரத்த அழுத்தம், குடும்பத்தில் இதய நோய் என்று ஏதாவது இருந்தால் டாக்டரைப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். நெஞ்சில் அழுத்தமோ மயக்கமோ வந்தால் நண்பர்கள் என்ன சொன்னாலும் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். எதுவும் இல்லையென்றால் இந்த வாரம் மூன்று நாள், நாளுக்கு இருபது நிமிடம், ஒரு நிமிடம் ஓட்டம் ஒரு நிமிடம் நடை. பேசிக்கொண்டே ஓட ஒரு ஆளைப் பிடியுங்கள். கூட ஓடுகிறவராக இருக்க வேண்டியதில்லை.

பிடித்துவிடுமா என்று கேட்டீர்கள். எனக்குப் பிடிக்கவில்லை, உங்களுக்கு எப்படியோ. பதக்கம் பீரோவில் எங்கேயோ இருக்கிறது. நகம் முழுதாக வளர ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. மைத்துனனுக்கு விரிசல் ஆறி, இப்போது அவனும் நடை நிமிடம் வைத்துத்தான் ஓடுகிறான். வியாழக்கிழமை காலையில் அக்கா இப்போதும் போன் செய்கிறாள். எடுத்ததும், "என்னடா, கிளம்பிட்டியா?" என்பாள். பாதி நாள் போர்வைக்குள்ளிருந்துதான் ஆமாம் என்கிறேன். மூச்சு வாங்காததை வைத்து அவள் கண்டுபிடித்துவிடுகிறாள்.